நிறுவனங்கள் தரும் மனித உரிமை உறுதிமொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நிறுவனம் எதை எடுத்துக்கொண்டாலும், "மனித உரிமைகளை மதிக்கிறோம், நியாயமான வேலைச் சூழலை உறுதி செய்கிறோம்" என்று எழுதி வைத்த கொள்கை அறிக்கை ஒன்று இருக்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள், அதற்குச் சரக்கு செய்து கொடுப்பவர்கள், அதன் பொருளை வாங்குபவர்கள் என்று பல தரப்பினரும் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே அளவுகோல்தான்: உறுதிமொழி மீறப்படும் நாளில், பாதிக்கப்பட்ட தொழிலாளி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

இந்த அறிக்கைகளில் பொதுவாக என்ன இருக்கும்?

கட்டாய உழைப்பு கிடையாது, குழந்தைகளை வேலைக்கு வைப்பதில்லை, பாகுபாடு காட்டுவதில்லை, சங்கம் சேரும் உரிமையை மதிக்கிறோம், பாதுகாப்பான பணியிடம் தருகிறோம், சட்டப்படி சம்பளம் தருகிறோம். வாசகங்கள் மாறினாலும் சாரம் இதுதான்.

பெரும்பாலும் இரண்டு ஆவணங்கள் இருக்கும். ஒன்று, நிறுவனம் தன் பெயரில் தரும் வாக்கு. இன்னொன்று, சப்ளையர்கள் கையெழுத்துப் போட வேண்டிய நடத்தை விதிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல நிறுவனங்களில் முதல் ஆவணம் "பாடுபடுவோம்", "ஊக்குவிப்போம்" என்று மென்மையாகப் பேசும். இரண்டாவது "வேண்டும்", "கூடாது", "தவறினால் ஆர்டர் ரத்து" என்று கறாராகப் பேசும். பொறுப்பு யார் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

உற்பத்தியைத் தன் சொந்த ஆலையிலிருந்து எடுத்து வேறு நாடுகளில் உள்ள சப்ளையர்களிடம் கொடுத்தபோது தொடங்கியது. 1991-ல் அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனமான லீவை ஸ்ட்ராஸ் தன் சப்ளையர்களுக்கென்று விதிகளை வெளியிட்டது. இந்த வகையில் அது முன்னோடி. அடுத்த சில ஆண்டுகளில் நைக் நிறுவனத்தின் காலணிகளைத் தைத்த ஆசிய ஆலைகளின் நிலை பெரும் சர்ச்சையானது. தன் பொருளின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் மறுபெயராகிவிட்டது என்று அதன் தலைவர் ஃபில் நைட் 1998-ல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். 2005-ல் அந்த நிறுவனம் தனக்குப் பொருள் செய்துதரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது.

அந்தப் பட்டியலைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அதுவரை "எந்த ஆலை என்பது வியாபார ரகசியம்" என்றே சொல்லி வந்தார்கள். ஆலையின் பெயரும் முகவரியும் வெளியே தெரிந்தால்தான் அங்கே உள்ள தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் தாங்கள் யாருக்காகத் தைக்கிறோம், யாரிடம் போய் முறையிடலாம் என்பது தெரியும்.

எந்த அளவுகோலை அடிப்படையாக வைத்து எழுதுகிறார்கள்?

முக்கியமானவை இரண்டு. முதலாவது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-ல் வெளியிட்ட அடிப்படை உரிமைப் பிரகடனம். சங்கம் சேர்வதும் கூட்டாகப் பேரம் பேசுவதும், கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தை உழைப்பு ஒழிப்பு, பாகுபாடு ஒழிப்பு என்று அதில் நான்கு இருந்தன. 2022-ல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணியிடம் ஐந்தாவதாகச் சேர்ந்தது. உயிரோடு வீடு திரும்பும் உரிமை அடிப்படை உரிமைப் பட்டியலில் ஏற இத்தனை காலம் ஆனது எனக்கு இன்றும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் கவுன்சில் 2011 ஜூனில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள். ஜான் ரக்கி என்ற பேராசிரியர் ஆறு ஆண்டுகள் உழைத்துத் தயாரித்தவை, மொத்தம் 31. அரசு பாதுகாக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்க வேண்டும் என்ற மூன்று தூண்களில் அவை நிற்கின்றன. தன் தொழிலால் யாருக்கு என்ன பாதிப்பு வரக்கூடும் என்று நிறுவனமே முன்கூட்டித் தேடிப் பார்க்க வேண்டும், தடுக்க வேண்டும், செய்ததை வெளியே சொல்ல வேண்டும் என்பது நடுத்தூணின் சாரம். 'டியூ டிலிஜென்ஸ்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசப்படுவது இதைத்தான். பார்க்க வேண்டிய ஆபத்து நிறுவனத்தின் பணத்துக்கோ பெயருக்கோ வரும் ஆபத்து அல்ல, மனிதர்களுக்கு வரும் ஆபத்து. இதை மறந்துவிட்டுத் தயாரித்த அறிக்கைகள் ஏராளம்.

அந்தந்த நாட்டின் சட்டத்தை மதித்தால் போதாதா?

போதாது. சட்டம் பலவீனமாக இருக்கலாம், இருந்தும் அமலாகாமல் கிடக்கலாம். உள்ளூர்ச் சட்டம் எப்படி இருந்தாலும் மனித உரிமையை மதிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்குத் தனியாக உண்டு என்று ஐ.நா. நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. சுதந்திரமான சங்கத்தைச் சட்டமே அனுமதிக்காத நாடுகளில் சிக்கல் அதிகம். அங்கேயும் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க இடம் கொடுக்கலாம். அப்படித் தேர்ந்தவர்களைப் பழிவாங்காமல் இருக்கலாம். பெரும்பாலும் எந்தச் சட்டமும் அதைத் தடுப்பதில்லை.

ஆலை விதிகளின்படி நடக்கிறதா என்று வெளியார் வந்து பார்க்கும் ஆடிட் நடந்து, சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். அப்படியானால் அந்த ஆலை பாதுகாப்பானது என்று நம்பலாமா?

நம்ப முடியாது என்பதற்கு ரத்தத்தில் எழுதிய சான்றுகள் இருக்கின்றன.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை தீப்பற்றியது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சமூகப் பொறுப்புக்கான எஸ்.ஏ.8000 சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

ஏழு மாதம் கழித்து வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 23 அன்று அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் சுவர்களிலும் தூண்களிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கடைகள் மூடின. மேல் மாடிகளில் ஐந்து ஆடை ஆலைகள். அவற்றின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் கிடைக்காது என்று சிலரை மிரட்டினார்கள். மின்சாரம் போய் மாடியில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில், ஒன்பது மணிக்கு முன்பே கட்டடம் விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 2,000-க்கும் மேல். அங்கே இருந்த ஆலைகளில் ஆடிட் நடந்தவையும் உண்டு.

வங்கி ஊழியருக்கும் தையல் தொழிலாளிக்கும் ஒரே விரிசல்தான் கண்ணில் பட்டது. "நான் உள்ளே போக மாட்டேன்" என்று சொல்லும் பலம் தையல் தொழிலாளிக்கு இல்லை. அந்த ஆலைகளில் சங்கம் கிடையாது. சங்கம் இருந்திருந்தால் அன்று காலை நூற்றுக்கணக்கானவர்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். சங்க உரிமையையும் உயிர்ப் பாதுகாப்பையும் தனித்தனி அத்தியாயமாக எழுதும் அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விரிசல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆடிட் ஏன் தோற்கிறது என்றால், வருவது ஓரிரு நாள், பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு. கட்டணத்தை ஆலையே கட்டுவது சகஜம். ஆடிட்டர் வரும் நாளில் தரை பளபளக்கும், அவசர வழியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் காணாமல் போகும், வயது குறைந்தவர்களுக்கு லீவு. வருகைப் பதிவேடு இரண்டு இருக்கும். ஓவர்டைம் இல்லாத பதிவேடு மேசைக்கு வரும். தொழிலாளியிடம் பேட்டி எடுப்பது ஆலைக்குள்ளேயே, சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கும் தூரத்தில். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பாடம் நடந்திருக்கும். தீயணைப்பான் சுவரில் தொங்குகிறதா என்று இந்த முறையில் பார்த்துவிடலாம். பாலியல் தொல்லையையும் சங்கம் அமைத்தவரை நீக்கியதையும் பார்க்க முடியாது.

அதற்கு அப்புறம் ஏதாவது மாறியதா?

ஒரு முக்கியமான விஷயம் மாறியது. ராணா பிளாசா விழுந்து சில வாரங்களில், தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சேர்ந்து வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. முந்தைய உறுதிமொழிகளிலிருந்து இது எங்கே வேறுபட்டது? கையெழுத்திட்ட நிறுவனத்தை அது சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆலைகளைப் பார்த்தவர்கள் சுயேச்சையான பொறியாளர்கள். அறிக்கைகள் பொதுவில் வெளியாயின. பழுதுபார்க்கும் செலவுக்கு வழி செய்து தரும் கடமை வாங்கும் நிறுவனத்துக்கும் இருந்தது. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது.

வாக்கு தவறினால் என்ன ஆகும் என்பதும் சோதிக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்கள் மீது சங்கங்கள் ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்குப் போயின. இரண்டும் சமரசத்தில் முடிந்தன, ஒன்றில் மட்டும் 20 லட்சம் டாலருக்கும் அதிகமான தொகை வந்தது. அந்த ஒப்பந்தம் 2021-ல் சர்வதேச ஒப்பந்தமாகப் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் பாகிஸ்தானுக்கும் நீண்டது.

ராணா பிளாசா குடும்பங்களுக்கான இழப்பீடு மட்டும் வேறு கதை. 3 கோடி டாலர் நிதி தேவைப்பட்டது. யாரையும் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாததால் அது சேர்ந்து முடிய 2015 ஜூன் ஆனது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்.

குறைந்தபட்சக் கூலி தருகிறோம் என்கிறார்கள். அது நியாயமான சம்பளம்தானே?

பல இடங்களில் இல்லை. குறைந்தபட்சக் கூலி என்பது அரசு நிர்ணயிப்பது. வாடகையும் அரிசி விலையும் ஏறினாலும் அது வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கலாம். தொழிலாளியும் குடும்பமும் சாப்பாடு, வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, அவசரத்துக்குக் கொஞ்சம் சேமிப்பு என்று மானத்தோடு வாழப் போதுமானது வாழ்வாதார ஊதியம். இது புதிய கோரிக்கையும் அல்ல. 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனம், 23-ஆம் பிரிவிலேயே, குடும்பத்தோடு கண்ணியமாக வாழத் தக்க ஊதியம் என்கிறது.

அறிக்கையில் இதைத் தேடும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். "வாழ்வாதார ஊதியத்தை நோக்கிப் பயணிக்கிறோம்" என்று இருந்தால், எந்த ஆண்டுக்குள், எந்தக் கணக்கீட்டு முறையில், அந்த இடைவெளியை நிரப்பும் பணத்தை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

வேலை நேரத்துக்கு உலக அளவில் வரம்பு உண்டா?

உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே அதுதான்: 1919, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. இன்றைய நடத்தை விதிகளில் பெரும்பாலானவை ஓவர்டைமோடு சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரம் என்று நிறுத்துகின்றன. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. ஓவர்டைம் தொழிலாளியின் விருப்பப்படிதான் இருக்க வேண்டும். ஆனால் அடிப்படைச் சம்பளம் வயிற்றுக்குப் போதாதபோது விருப்பம் என்ற பேச்சுக்கு என்ன பொருள்? சம்பளத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் திருத்தப் பார்க்கும் திட்டங்கள் அதனால்தான் நிலைப்பதில்லை.

"விதிகளை எங்கள் தலையில் கட்டுகிறார்கள், விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்" என்று சப்ளையர்கள் சொல்வது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. அதிகம் பேசப்பட வேண்டியதும், அறிக்கைகளில் மிகக் குறைவாக இருப்பதும் இதுதான்.

ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு துறைகள். ஒரு துறை வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று ஆலைக்குக் கடிதம் எழுதும். கொள்முதல் துறை, டிசைனை மூன்று வாரம் தாமதமாக இறுதி செய்துவிட்டு, ஷிப்மென்ட் தேதியை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கும். மாதிரிக்கு ஒப்புதல் தரும் மின்னஞ்சல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் தையல் வரிசையில் இரவு ஷிஃப்டாக மாறுகிறது. விமானத்தில் சரக்கை அனுப்பும் செலவு, தாமதத்துக்கான அபராதம் எல்லாம் ஆலை மேல். ஆலை முதலாளி அதை எங்கே ஈடுகட்டுவார்? நூல் விலையிலோ மின்கட்டணத்திலோ முடியாது. கூலி ஒன்றுதான் அவர் கைக்கு எட்டும். ஓவர்டைம் கணக்கில் வராமல் போகிறது, அல்லது வேலை யாருக்கும் தெரியாத சின்ன யூனிட்டுக்குப் போகிறது. இதை ஆலையின் தவறு என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

2020-ல் கொரோனாவின்போது இது வெளிச்சத்துக்கு வந்தது. கொள்கை அறிக்கைகளில் மனித உரிமை பேசிய பல ஆடை நிறுவனங்கள், தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்தன, ஆர்டர்களை ஒரே இரவில் ரத்து செய்தன. ஆலைகள் சம்பளம் தர முடியாமல் மூடின. பிரசாரங்கள் எழுந்த பிறகு பல நிறுவனங்கள் பணம் தர ஒப்புக்கொண்டன. ஒப்பந்தங்களில் அபாயம் முழுவதும் சப்ளையர் பக்கமே எழுதப்பட்டிருந்ததால்தான் முதலில் அப்படி மறுக்க முடிந்தது.

இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்ல வேண்டாம். உணவுப் பொருள் வணிகத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் செய்து காட்டியது: அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்யக் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா தக்காளித் தோட்டங்களில் தொழிலாளர்களே முன்னின்று உருவாக்கிய ஏற்பாடும் பார்க்கத் தக்கது. வாங்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தக்காளிக்கும் ஒரு சென்ட் கூடுதலாகத் தருகின்றன, அது கூலியோடு சேர்கிறது. விதியை மீறி, திருத்திக்கொள்ளவும் மறுக்கும் தோட்டத்திடம் அந்த நிறுவனங்கள் வாங்க முடியாது. ஒரு சென்ட்தான். எழுத்தில் வந்து, கட்டாயமானதும் அது பெரிய காசாகிவிட்டது.

காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இந்த உறுதிமொழி பொருந்துமா?

பொருந்த வேண்டும். "எங்கள் ஊழியர்கள்" என்ற சொல்லை ஆவணத்தில் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். காவலாளி, துப்புரவுப் பணியாளர், கேண்டீன் ஊழியர், சரக்கு ஏற்றுபவர் எல்லோரும் ஏஜென்சி கணக்கில் இருந்தால், அவர்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெரிய கண்ணி ஏஜென்ட் கமிஷன். வேலை கிடைக்க வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். வந்து சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்க" வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு சம்பளம் சொன்னதைவிடக் குறைந்தாலும் வேலையை விட முடியாது, கடன் விடாது. கதவில் பூட்டு இல்லாமலே இது கட்டாய உழைப்புதான். உலகில் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் 2021-ல் 2.76 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளி அமைப்புகளும் மதிப்பிட்டன. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தனியார் துறையில்.

நல்ல கொள்கையில் இரண்டு வரி இருக்கும்: ஆள் சேர்க்கும் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்பார், ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும். இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரி மட்டும் இருந்தால் ஏற்கெனவே கடனில் இருப்பவருக்குப் பயனில்லை. திருப்பித் தர முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. மலேசியாவின் கையுறை உற்பத்தியாளர் டாப் குளோவின் பொருட்களை 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. அதன் பிறகு அந்த நிறுவனம் தன் தொழிலாளர்களுக்குப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பித் தந்தது. 2021-ல் தடை நீங்கியது.

சப்ளையரிடம் குழந்தை வேலை செய்வது தெரிந்தால் உடனே ஆர்டரை நிறுத்திவிட வேண்டியதுதானே?

கோபம் நியாயம், முடிவு தவறு. 1990-களின் தொடக்கத்தில், குழந்தைகள் செய்த பொருளை அமெரிக்கா தடை செய்யப்போகிறது என்ற பயத்தில் வங்கதேச ஆலைகள் பல்லாயிரம் குழந்தைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைப்பது போன்ற இன்னும் மோசமான வேலைக்குப் போனவர்கள் பலர். பிறகு 1995-ல் யூனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து வேறு வழி கண்டன: குழந்தைக்குப் பள்ளியும் மாத உதவித்தொகையும். அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கு அதே வேலையைத் தர முயல்வது. இன்றும் சரியான வழி அதுதான். உலகில் 2024-ல் 13.8 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள். பெரும்பாலோர் விவசாயத்தில், ஆடிட்டர் காலடி படாத இடங்களில்.

உறுதிமொழியை மீறினால் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட முடியுமா?

அந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்றால் பல நாடுகளில் கடினம். ஆனால் வெறும் காகிதம் என்று தள்ளிவிடவும் முடியாது.

தன் ஆலைகளின் நிலை பற்றி நைக் வெளியிட்ட மறுப்புகள் பொய்யானவை என்று மார்க் காஸ்கி என்ற நுகர்வோர் வழக்குத் தொடுத்தார். அவை வணிகப் பேச்சு, எனவே பொய் விளம்பரச் சட்டத்துக்குள் வரும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. அடுத்த ஆண்டு நிறுவனம் 15 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. அப்புறம் 2019-ல் வேதாந்தா வழக்கு. ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கத்தால் தண்ணீர் கெட்டுப்போன கிராம மக்கள், லண்டனில் இருந்த தாய் நிறுவனத்தின் மேல் தொடுத்தது. துணை நிறுவனத்தைத் தான் மேற்பார்வை செய்வதாக வெளியே சொல்லிக்கொண்டால், அப்படிச் செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பு வரலாம் என்றது பிரிட்டன் உச்ச நீதிமன்றம். சொன்ன சொல்லுக்கு நீதிமன்றத்தில் கனம் உண்டு என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

நீதிமன்றம் தவிர, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் வழிகாட்டு நெறிகளை ஏற்ற நாடுகளில் தேசியத் தொடர்பு மையங்கள் இருக்கின்றன. யாரும் புகார் தரலாம், கட்டணம் இல்லை. தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. சமரசம் பேசுவார்கள், அறிக்கை வெளியிடுவார்கள்.

இதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் வந்திருக்கின்றனவா?

வந்திருக்கின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை. பிரிட்டனின் 2015 நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. "நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதினாலும் அந்தக் கடமை முடிந்துவிடும். பிரான்ஸ் 2017-ல் இன்னும் முன்னே போனது: பெரிய நிறுவனங்கள் ஆபத்தைக் கண்டறிந்து தடுக்கும் திட்டம் வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும், தவறினால் நீதிமன்றம் தலையிடலாம். 2023 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அஞ்சல் நிறுவனமான லா போஸ்ட்டைத் தன் திட்டத்தைத் திருத்தச் சொன்னது. ஜெர்மனியின் இதே வகைச் சட்டம் 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதே நோக்கத்தோடு, உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்க வேண்டிய நெறியாணையை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே அமல் தேதியைத் தள்ளி வைத்தது, வரம்பைக் குறுக்கும் முன்மொழிவுகளும் வந்தன. வணிகச் சுமை என்ற வாதம் அங்கே வென்றது. சுமையை இன்று யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் போதுமான அளவுக்கு எழவில்லை என்பது என் கருத்து.

நாங்கள் சின்ன நிறுவனம். இதெல்லாம் எங்களுக்கும் வேண்டுமா?

பொறுப்பு உண்டு, அளவுக்குத் தகுந்தபடி. அறுபது பக்க அறிக்கை வேண்டாம். சம்பளச் சீட்டில் வேலை நேரம், ஓவர்டைம், பிடித்தம் மூன்றும் தனித்தனியாகத் தெரியட்டும். அவசரக் கதவு வேலை நேரத்தில் பூட்டப்படாமல் இருக்கட்டும். யாருடைய அடையாள ஆவணத்தையும் வாங்கி வைக்காதீர்கள். பெரிய வாடிக்கையாளரின் நடத்தை விதியில் கையெழுத்திடும் முன், இந்த விலையிலும் இந்தக் காலக்கெடுவிலும் இதை நிறைவேற்ற முடியுமா என்று கணக்குப் போட்டு, முடியாவிட்டால் அப்போதே எழுத்தில் சொல்லுங்கள்.

புகார்ப் பெட்டியும் ஹாட்லைனும் இருக்கின்றன. ஆனால் யாரும் புகார் செய்வதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் புகாரே வரவில்லை என்றால், பேசப் பயப்படுகிறார்கள் என்றுதான் நான் படிப்பேன். பெட்டி மனிதவளத் துறையின் வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருக்கும். ஹாட்லைனில் தொழிலாளி பேசும் மொழி இருக்காது. மேஸ்திரியைப் பற்றிச் சொன்ன புகார் விசாரணைக்கு அந்த மேஸ்திரியிடமே போகும். பெண்கள் பாலியல் தொல்லையைச் சொல்லாமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் பெண்கள் மேல் நடந்த பாலியல் வன்முறை வெளியே வந்த பிறகு, 2019-ல் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் ஆலை நிறுவனமும் லீவை ஸ்ட்ராஸ் உள்ளிட்ட வாங்கும் நிறுவனங்களும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. புகாரை விசாரிப்பது ஆலைக்கு வெளியே உள்ள சுயேச்சையான குழு. தவறு செய்தவரை நீக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆலை மறுத்தால் வாங்கும் நிறுவனங்கள் ஆர்டரைக் குறைக்க வேண்டும்.

ஆகவே உங்கள் நிறுவனத்தின் புகார் ஏற்பாட்டைச் சோதிக்க விரும்பினால் இதைக் கேளுங்கள்: கடந்த ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன, எவை பற்றி, எத்தனை நாளில் முடிந்தன, யாருக்கு என்ன நிவாரணம் கிடைத்தது, புகார் செய்தவர்களில் எத்தனை பேர் இன்றும் அதே வேலையில் இருக்கிறார்கள்?

வாங்குகிறவர்கள் என்ன செய்யலாம்? புறக்கணித்துவிடலாமா?

அங்கே வேலை பார்ப்பவர்களோ அவர்களுடைய சங்கமோ புறக்கணிக்கச் சொன்னால், செய்யுங்கள். அவர்கள் கேட்காமல் நாமே முடிவெடுத்தால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும், வேலை போகும், நிலைமை அப்படியே இருக்கும். அதைவிடப் பயனுள்ளது எழுதிக் கேட்பது. இந்தச் சட்டை எந்த ஆலையில் தைத்தது? அங்கே சங்கம் இருக்கிறதா? கூலி எவ்வளவு? "எங்கள் கொள்கையை இணைத்துள்ளோம்" என்று பதில் வந்தால், கொள்கையைக் கேட்கவில்லை, ஆலையின் பெயரைக் கேட்டேன் என்று திரும்ப எழுதுங்கள்.